சாப்பாட்டு மேசையில் ஒரு 18ஆம் நூற்றாண்டுப் போர்: முழுமையான வழிகாட்டி

ஆறடிக்கு நாலடி மேசை, ஒரு பச்சைத் துணி, 240 சிறு சிப்பாய்கள், ஏழெட்டுப் பகடைகள், ஒரு இன்ச் டேப். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் தொடங்கினால், விளக்கேற்றும் நேரத்துக்குள் இரண்டு நாடுகளின் சண்டை முடிந்துவிடும். அந்த இரண்டு நாடுகளும் எந்த வரைபடத்திலும் இல்லாதவை. மன்னர், கொடி, சீருடை, சண்டைக்கான காரணம் எல்லாம் நாமே உண்டாக்கியவை. ஆனால் அந்தச் சிப்பாய்கள் நடக்கும் விதம், சுடும் தூரம், ஓடும் நேரம் எல்லாம் 1740-களின் ஐரோப்பாவில் நடந்தபடியே இருக்க வேண்டும். கற்பனைக்கு அங்கே இடம் கொடுத்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும்.

புதிதாக ஆட வருபவர்கள் எத்தனை பேரைச் சாய்த்தோம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். அந்தக் காலத்துத் தளபதி பார்த்துக்கொண்டிருந்தது எதிரியின் வரிசையை. அது நேராக நிற்கிறதா, அலை அலையாக நெளிகிறதா, பின்பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று. வரிசை குலைந்த பட்டாளத்தில் ஐந்நூறு பேர் உயிரோடு இருந்தும் பயனில்லை. இந்த வழிகாட்டியில் நான் தரும் விதிகள் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் நாடுகள்

கற்பனை நாடுகளை வைத்துப் பொம்மைச் சிப்பாய் ஆடுவது பழைய பழக்கம். 1826-இல் பாட்ரிக் பிராண்டி தம் மகன் பிரான்வெலுக்கு வாங்கி வந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்களிலிருந்துதான் பின்னாளில் நாவலாசிரியைகளான சார்லட், எமிலி உள்ளிட்ட அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிரியா, கோண்டல் என்று நாடுகளையே கட்டினார்கள். பிரஷ்ய ராணுவம் 1824-இல் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு மேசைப் போர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் வீட்டுத் தரையில் ஆடும் விதிகளை வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டுச் சீருடை, கற்பனை நாடு, பகடை என்ற இன்றைய வடிவத்தை 1960-70களில் இங்கிலாந்தில் பீட்டர் யங், சார்ல்ஸ் கிரான்ட் போன்றவர்கள் பரவலாக்கினார்கள்.

ஏன் இந்த நூற்றாண்டு? இன்றைய ஜெர்மனியும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய புனித ரோமானியப் பேரரசுக்குள் அப்போது முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு நாடுகள் இருந்தன. ஒரு மலைக்கோட்டையும் நாலு கிராமமும் வைத்திருந்தவர்கூடத் தனிச் சீருடையில் படை வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டைச் செருகினால் யாருக்கும் உறுத்தாது.

என் நாடுகள் ஐசன்மார்க், வால்மோரா. ஐசன்மார்க் சிறியது. மணல் பூமி, கண்டிப்பான மன்னர், அளவுக்கு மீறிய படை. வால்மோரா பெரியது, வளமானது. எந்த முடிவும் அங்கே தாமதமாகத்தான் வரும். இரண்டுக்கும் நடுவே லிண்டா என்ற ஆறு. அதன் பாலத்தில் உப்பு வண்டிக்குச் சுங்கம் வசூலிப்பது யார் என்பதுதான் தகராறு.

இந்தக் காரணம் அற்பமாகத் தோன்றினால் நிஜத்தைப் பாருங்கள். 1740 அக்டோபர் 20 அன்று ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 16 அன்று பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் ஆஸ்திரியாவின் சைலீசியா மாகாணத்துக்குள் படையோடு நுழைந்துவிட்டார். 1778-79இல் பவேரிய வாரிசுரிமைக்காக நடந்த போரில் பெரிய சண்டையே இல்லை. சிப்பாய்கள் வயலில் கிழங்கு தோண்டித் தின்றதால் அதற்கு உருளைக்கிழங்குப் போர் என்றே பெயர் நின்றது. 1784 அக்டோபர் 8 அன்று ஷெல்ட் ஆற்றில் டச்சுக் கப்பல் ஆஸ்திரியக் கப்பல்மேல் சுட்ட ஒரே குண்டு ஒரு சூப்புப் பாத்திரத்தில் பட்டு, அத்தோடு அந்த மோதல் அடங்கியது. உங்கள் நாடுகளுக்கும் ஒரு வாரிசுச் சண்டை, ஒரு சுங்கம், ஒரு முறிந்த திருமணம் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். மிச்சத்தை மேசை எழுதும்.

இந்தப் போர்கள் நமக்கு அந்நியமும் அல்ல. ஐரோப்பாவின் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தது. ஏழாண்டுப் போர் 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி கூட்டுக்கும் பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் நடந்த சண்டையாக நம் ஊருக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் சொல்தாது (சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்) என்று எழுதுவது நாம் பெயிண்ட் அடிக்கப்போகும் இதே மூன்றுமுனைத் தொப்பிக்காரர்களைத்தான். பட்டாலியன் என்ற சொல் நம் நாவில் பட்டாளம் ஆயிற்று. அதனால் இங்கே படைப்பிரிவுக்குப் பட்டாளம் என்றே சொல்கிறேன்.

எத்தனை சிப்பாய், எந்த அளவு

28 மில்லிமீட்டர் உலோகச் சிப்பாய் கண்ணுக்கு மிக அழகு. ஆனால் விலை அதிகம், இடமும் பிடிக்கும். 6 மில்லிமீட்டரில் நூற்றுக்கணக்கானவர்களை வரிசையாக நிறுத்தலாம், முகம் தெரியாது. தொடங்குபவருக்கு நான் சொல்வது 1/72 அளவு மென்பிளாஸ்டிக். ஒரு சிப்பாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் உயரம் வருவான். அதுவும் கைக்கு எட்டாவிட்டால் கெட்டிக் காகிதத்தில் அச்சிட்டு வெட்டி ஒட்டுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் ஒரு காலத்தில் காகிதச் சிப்பாய்களுக்கே பேர்போனது. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஒரு பட்டாளத்துக்கு 24 சிப்பாய். 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் உள்ள அட்டையில் ஆறு பேரை மும்மூன்றாக இரண்டு வரிசையில் ஒட்டுங்கள். இப்படி நாலு அட்டை சேர்ந்தால் 24 செ.மீ. நீளத்தில் ஒரு வரிசை. நிஜத்தில் அறுநூறு பேர் மூன்று வரிசையாக நின்றால் ஏறக்குறைய 120 மீட்டர் முகப்பு. ஆகவே மேசையில் 1 செ.மீ. என்பது களத்தில் 5 மீட்டர், ஒரு பொம்மை என்பது 25 ஆள். இந்தக் கணக்கு ஒன்று கைவசம் இருந்தால் எந்தப் போரையும் மேசைக்கு நீங்களே இறக்கிவிடலாம்.

ஐசன்மார்க்குக்கு நாலு பட்டாளம், பன்னிரண்டு குதிரைக்காரர்கள் கொண்ட இரண்டு அணி, ஒரு பீரங்கி, அதற்கு நாலு ஆள். வால்மோராவுக்கு நாலு பட்டாளம், ஒரு குதிரை அணி, இரண்டு பீரங்கி. கூட்டினால் 240. தளபதியும் தூதரும் தனி. பயந்துவிடாதீர்கள். பக்கத்துக்கு இரண்டு பட்டாளமும் ஒரு குதிரை அணியும் வந்ததுமே ஆடத் தொடங்கலாம். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் பலர் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே பெட்டியை மூடிவிட்டார்கள்.

பெயிண்ட்

மென்பிளாஸ்டிக்கின் பெரிய சிக்கல் பெயிண்ட் உரிவது. அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு அதன்மேல் இருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பிறகு தண்ணீர் கலந்த பெவிகாலை மெல்லிசாக ஒரு கோட். அது காய்ந்ததும் கருப்பு அல்லது அடர் பழுப்பு அக்ரிலிக் அடிப்பூச்சு. துப்பாக்கிக் குழல்தான் முதலில் வளையும், முதலில் உரியும். அங்கே பெவிகால் இரண்டு கோட் போகட்டும்.

இரண்டு ஐஸ்கிரீம் குச்சியில் ஆறு ஆறாக ஒட்டிக்கொண்டு, ஒரே நிறத்தைப் பன்னிரண்டு பேருக்கும் அடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். கோட்டு, பிறகு கால்சட்டை, பிறகு தோல், கடைசியில் தோளிலிருந்து குறுக்கே வரும் வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையில் மட்டும் அவசரப்படாதீர்கள். இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணில் படுவது அதுதான், முகத்தில் விழியும் வாயும் தெரியாது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் அந்தக் காலத்துப் பொருளாதாரம் இருக்கிறது. ஆஸ்திரியக் காலாட்படை சாயமிடாத கம்பளியின் வெண்மையை உடுத்தியது, அது செலவு குறைந்தது. பிரஷ்யா அடர்நீலம். பிரஷ்யன் நீலம் என்ற நிறமியும் 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில்தான் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே உங்கள் ஏழை நாட்டுக்குச் சாயமில்லாத வெள்ளை அல்லது சாம்பல், பணக்கார நாட்டுக்குச் சிவப்போ மஞ்சளோ என்று யோசித்தால் சீருடையே கதை சொல்லும். பட்டாளங்களைப் பிரித்துக் காட்டுவது காலர், மணிக்கட்டு, கோட்டின் மடித்த ஓரம். என் வால்மோரா பணக்கார நாடுதான், ஆனாலும் அதன் நாலு பட்டாளமும் வெள்ளைக் கோட்டுதான். மணிக்கட்டு மட்டும் பச்சை, சிவப்பு, கருப்பு, மஞ்சள். கிரனேடியர்களுக்கு மூன்றுமுனைத் தொப்பி கிடையாது, உயரமான கூர்ந்த குல்லாய். கையெறிகுண்டை வீசும்போது அகன்ற விளிம்பு கையில் தட்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

கொடியைக் காகிதத்தில் வரைந்து குண்டூசியில் சுற்றி ஒட்டி, பசை ஈரமாக இருக்கும்போதே விரலால் நெளித்துவிடுங்கள். காய்ந்த பிறகு நெளித்தால் முறியும்.

மேசை

பச்சைத் துணியின் கீழே தடித்த புத்தகங்களை வைத்தால் மேடு வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கீற்றாக வெட்டினால் வேலி. தேங்காய் நாரைப் பிய்த்துப் பழுப்புப் பெயிண்டில் முக்கினால் அறுவடை முடிந்த கோதுமை வயல். வீடுகள் அட்டையில் போதும், ஆனால் கூரை செங்குத்தாக இருக்கட்டும். பனி விழும் ஊர் அது. நம் ஓட்டு வீட்டுச் சரிவில் வைத்தால் களம் இடம் மாறிவிடும்.

நான் ஆடும் களம் இது. மேசையின் நடுவே, எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி, 80 செ.மீ. நீளத்தில் ஒரு தாழ்ந்த மேடு. அதன் மேல் வால்மோரா. என் பக்கமிருந்து பார்த்தால் மேட்டின் வலக்கோடியில் மூன்று வீட்டுக் கிராமம். மேட்டுக்குப் பின்னே பாலத்துக்குப் போகும் நாற்சந்தி. இடப்பக்கம் ஊசியிலை மரத் தோப்பு ஒன்று, அதை ஒட்டி ஒரு சாலை. எட்டுச் சுற்று முடியும்போது கிராமமும் நாற்சந்தியும் யார் கையிலோ அவருக்கு வெற்றி. ஒன்று ஒருவரிடம், மற்றது மற்றவரிடம் என்றால் வெற்றி தோல்வி இல்லை.

விதிகள்

சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கு மூன்று சீட்டு எடுங்கள். ஐசன்மார்க்குக்கு ஹார்ட்டின், வால்மோராவுக்கு ஸ்பேடு. ஒன்று முதல் பிரிகேடுக்கு, ஒன்று இரண்டாவதுக்கு, ஒன்று குதிரைப்படைக்கு. பட்டாளம் இரண்டு சேர்ந்தால் ஒரு பிரிகேடு. பீரங்கியை ஏதாவதொரு பிரிகேடோடு சேருங்கள். ஆறு சீட்டையும் கலைத்துக் கவிழ்த்து வைத்து, எந்தச் சீட்டு வருகிறதோ அந்தப் பிரிவு இயங்கும். ஆறும் முடிந்தால் ஒரு சுற்று. அடுத்து யார் சீட்டு வரும் என்று தெரியாத அந்த நிலை, களத்தில் நின்ற தளபதிக்கு இருந்த தவிப்பில் ஒரு பங்கையாவது நமக்குத் தரும்.

ஆட்டத்துக்கு முன் இருவரும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரியில் கட்டளை எழுதி மடித்து வையுங்கள். ஒவ்வொரு பிரிகேடும் அதன்படியே போக வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் தளபதி பக்கத்திலிருந்து ஒரு குதிரைத் தூதர் புறப்பட்டு, சுற்றுக்கு 40 செ.மீ. ஓடிப் போய்ச் சேர வேண்டும். மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் நமக்கு இந்தக் கடிவாளம் அவசியம்.

நகர்வு: வரிசையாக நின்றால் சுற்றுக்கு 15 செ.மீ., ஒன்றன்பின் ஒன்றாக அட்டைகளை அடுக்கிய நடைநிரையில் 25, சாலையில் 35. குதிரைக்கு 35, பாய்ச்சலில் 45. பீரங்கி குதிரை பூட்டினால் 25, ஆள் தள்ளினால் 8. நடைநிரையிலிருந்து வரிசைக்கு மாற, அல்லது வரிசையிலிருந்து நடைநிரைக்கு, ஒரு முழுச் சுற்று ஆகும். தோப்புக்குள் வரிசையாக நுழைந்தால் ஒரு குலைவு (அது என்ன என்பது கீழே).

திரும்புவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், இந்தக் காலத்துப் போரின் ரகசியமே அதில் இருக்கிறது. வரிசை திரும்ப வேண்டுமானால் ஒரு முனை நின்ற இடத்தில் நிற்கும், மறுமுனை வளைந்து நடக்கும். அந்த வெளிமுனை நடந்த தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும். 24 செ.மீ. வரிசை கால் வட்டம் திரும்ப வெளிமுனை ஏறக்குறைய 38 செ.மீ. நடக்கிறது. சுற்றுக்கு 15 என்றால் மூன்றாவது சுற்றில்தான் திருப்பம் முடியும். விலாப்பக்கம் எதிரி வந்துவிட்டான் என்று கண்ணால் பார்த்த பிறகு திரும்பத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். 1757 டிசம்பர் 5 அன்று லாய்தனில் பிரெடெரிக் செய்தது இதுதான். ஆஸ்திரியரின் வலப்பக்கம் போக்குக் காட்டி, தாழ்ந்த குன்றுகளுக்குப் பின்னால் படையை நடத்திப் போய், அவர்களின் இடது விலாவில் வரிசையாக எழுந்து நின்றார். எண்ணிக்கையில் எதிரி ஏறக்குறைய இரு மடங்கு. அந்த எண்ணிக்கை திரும்பி நிற்பதற்குள் போர் முடிவாகிவிட்டது.

சுடுதல்: பட்டாளத்துக்கு அட்டைக்கு ஒரு பகடை, ஆக நாலு. எதிரி 15 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் 6 விழுந்தால்தான் பலன். 15-க்குள் 5, 6. எட்டு செ.மீ.க்குள் 4, 5, 6. ஒரு சுற்றில் நடக்கலாம் அல்லது சுடலாம். பாதித் தூரம் நடந்துவிட்டுச் சுட்டால் ஒரு பகடை குறையும். இரண்டாவது சுற்றும் தொடர்ந்து சுட்டால் புகை கண்ணை மறைக்கும், அதற்கும் ஒரு பகடை குறையும். சுட்ட பட்டாளத்தின் முன் ஒரு துளிப் பஞ்சு வையுங்கள்.

முதல் வேட்டுக்குத் தனி மதிப்பு. அமைதியாக நின்று, மருந்தை அளந்து, குச்சியால் நன்றாக இடித்து நிரப்பிய வேட்டு அது. பிறகு சுடுவதெல்லாம் சத்தத்திலும் புகையிலும் அவசரமாக நிரப்பியவை. ஆகவே ஒவ்வொரு பட்டாளத்தின் பின்னும் ஒரு தீக்குச்சி வையுங்கள். முதன்முறை சுடும்போது தீக்குச்சியை எடுத்துவிட்டு இரண்டு பகடை கூடுதலாக உருட்டலாம். 1745 மே 11 அன்று ஃபாண்டெனாயில் பிரிட்டிஷ் காவலர் படை அருகே வந்து சுட்ட வேட்டில் பிரெஞ்சுக் காவலர் படையின் முன்வரிசை சரிந்தது. தீக்குச்சியை எப்போது எடுப்பது என்பதுதான் இந்த ஆட்டத்தில் நீங்கள் எடுக்கும் ஆகப் பெரிய முடிவு.

பீரங்கிக்கு 40 முதல் 90 செ.மீ. வரை உருண்டைக் குண்டு, இரண்டு பகடை, 6 வேண்டும். 40-க்குள் தகர டப்பாவில் சிறு குண்டுகளை அடைத்த சிதறுகுண்டு, நாலு பகடை, 5 அல்லது 6. களத்தில் பீரங்கியின் எட்டு இதைவிடப் பெரியது. மேசைக்காகச் சுருக்கியிருக்கிறேன்.

குலைவு: பலன் தந்த ஒவ்வொரு பகடைக்கும் அடிபட்ட பட்டாளத்தின் பின்னே ஒரு கடுகுமணியோ பாசியோ வையுங்கள். எந்தப் பொம்மையையும் மேசையிலிருந்து எடுக்க வேண்டாம். ஐந்து சேர்ந்தால் பட்டாளம் ஓடிவிடும், அப்போது மொத்தமாக எடுங்கள். எதிரிக்கு 30 செ.மீ.க்கு அப்பால் நின்று, நகராமல் சுடாமல் ஒரு சுற்றைக் கழித்தால் ஒரு குலைவு நீங்கும். தளபதியே போய்ப் பக்கத்தில் நின்றால் இரண்டு.

பாய்ச்சல்: துப்பாக்கி முனைக் கத்தியோடு இரண்டு வரிசைகள் நேருக்கு நேர் மோதிக் குத்திக்கொண்டது திறந்த வெளியில் அபூர்வம். பெரும்பாலும் மோதுமுன்பே ஒரு பக்கம் விலகிவிடும். அதனால் பாய்பவர், தாக்கப்படுபவர் இருவரும் முதலில் இரண்டு பகடை உருட்ட வேண்டும். தேவைப்படும் கூட்டுத்தொகை ஐந்துடன் தம் குலைவு எண்ணிக்கை. எட்டாத தாக்குபவர் நின்றுவிடுவார். எட்டாத தற்காப்பாளர் 25 செ.மீ. பின்வாங்கி ஒரு குலைவு கூட்டிக்கொள்வார். இருவரும் எட்டினால் மட்டும் கைகலப்பு. ஆளுக்கு இரண்டு பகடை, விலாவில் தாக்கினால் மூன்று கூட்டு, மேட்டில் நின்றால் ஒன்று, கிரனேடியர் என்றால் ஒன்று, தன் குலைவைக் கழி. குறைந்தவர் 15 செ.மீ. பின்வாங்கி இரண்டு குலைவு ஏற்பார். வித்தியாசம் நாலு அல்லது மேல் என்றால் ஓட்டம்தான்.

ஒரு ஆட்டம் எப்படிப் போகிறது

போன மாதம் என் அக்கா மகன் வால்மோராவை எடுத்தான், நான் ஐசன்மார்க். என் துண்டுச் சீட்டில் இருந்தது லாய்தனின் நிழல்தான். இரண்டாவது பிரிகேடும் பீரங்கியும் மேட்டுக்கு முன்னால் நின்று மிரட்ட வேண்டும். முதல் பிரிகேடு தோப்புக்குப் பின்னால் சாலையில் நடைநிரையாகப் போய் மேட்டின் இடக்கோடியில் எழ வேண்டும்.

முதல் மூன்று சுற்றில் சொல்ல அதிகமில்லை. அவனுடைய இரண்டு பீரங்கியும் உருண்டைக் குண்டால் என் நடுவை இடித்துக்கொண்டிருந்தன, ஒரு பட்டாளத்துக்கு இரண்டு குலைவு. நாலாவது சுற்றில் என் கிரனேடியர்களும் நீலப் பட்டாளமும் தோப்பைக் கடந்து வந்து வரிசை கட்டின. அந்தச் சுற்று முழுக்க அவை கையாலாகாமல் நின்றன. அவனுடைய குதிரைச் சீட்டு அப்போது முன்னால் வந்திருந்தால் என் திட்டம் அங்கேயே முடிந்திருக்கும். கடைசியாகத்தான் வந்தது. அவன் குதிரை அணி கிராமத்துப் பக்கமிருந்து கிளம்பும்போது தூரம் எட்டவில்லை.

மேட்டின் கோடியில் இருந்த பச்சை மணிக்கட்டுப் பட்டாளத்தை அவன் திருப்பத் தொடங்கினான். டேப்பை வளைத்து அளந்தோம், 15 செ.மீ. ஒரு சுற்று போயிற்று, இன்னும் பாதிகூடத் திரும்பவில்லை. என் கிரனேடியர்கள் அப்போது 28 செ.மீ. தூரத்தில்.

"மாமா, சுட்டுடவா?"

"உன் பட்டாளம், நீ சொல்லு."

தீக்குச்சியை எடுத்தான். ஆறு பகடை, ஒரே ஒரு 6 விழுந்தது. எனக்கு ஒரு குலைவு. என் சீட்டு வந்ததும் 15 செ.மீ. நடந்தேன், இடைவெளி 13. அடுத்த சுற்றில் முதலில் அவன் சீட்டு. புகையால் ஒன்று குறைந்து மூன்று பகடை, ஒரு 5 விழுந்தது. இரண்டு குலைவோடு நான் இன்னும் 7 செ.மீ. நகர்ந்தேன். இடைவெளி இப்போது 6. என் தீக்குச்சி அதுவரை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆறு பகடையில் நடந்ததற்கு ஒன்று போக ஐந்து: 6, 5, 5, 4, 2. நாலு பாசிமணிகளை அவன் பட்டாளத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்தான். அதற்கடுத்த சுற்றில் என் பாய்ச்சல். எனக்கு 7 வேண்டும், 8 விழுந்தது. அவனுக்கு 9 வேண்டும், 7 விழுந்தது. மோதாமலே பின்வாங்கியது, ஐந்தாவது மணி சேர்ந்தது, பட்டாளம் ஓடியது. கத்தி ஒன்றுகூட யார் மேலும் படவில்லை.

1741 ஏப்ரல் 10 அன்று மோல்விட்ஸில் நடந்ததை நினைத்துக்கொண்டேன். ஆஸ்திரியக் குதிரைப்படை பிரஷ்யக் குதிரைப்படையைச் சிதறடித்து, இளம் மன்னர் பிரெடெரிக் களத்தை விட்டே போய்விட்டார். ஆனால் அவருடைய தளபதி ஷ்வெரினின் காலாட்படை நின்ற இடம் அசையாமல் சுட்டுக்கொண்டிருந்தது. இரும்பு இடிகுச்சியும் ஓயாத பயிற்சியும் சேர்ந்து அவர்கள் சுடும் வேகம் கூடியிருந்தது. கடைசியில் வென்றது அந்த வரிசை.

ஆனால் என் கதை அப்படி முடியவில்லை. கிரனேடியர்களையே பார்த்துக்கொண்டிருந்த நான் நீலப் பட்டாளத்தின் விலாவைத் திறந்து விட்டிருந்தேன். ஏழாவது சுற்றின் முதல் சீட்டே அவன் குதிரை. பாய்ச்சலுக்கு முன் உருட்டும் துணிவுப் பகடையில் இரு பக்கமும் எட்டியது, கைகலப்பு. அவனுக்கு 7, விலாவுக்கு மூன்று, ஆக 10. எனக்கு 6, ஒரு குலைவு கழித்து 5. பட்டாளம் போயிற்று. என்னுடைய இரண்டு குதிரை அணிகள் மேசையின் மறுகோடியில் நின்றன. அவற்றுக்கு மாற்றுக் கட்டளை கொண்டு போன தூதர் இன்னும் வழியில் இருந்தார். எட்டாவது சுற்று முடிந்தபோது மேட்டின் பாதி என்னிடம், கிராமமும் நாற்சந்தியும் அவனிடம். வெற்றி வால்மோராவுக்கு.

சண்டைக்குப் பின்

ஒரு ஆட்டத்தோடு நிறுத்தினால் இந்த நாடுகள் வெறும் நிறங்களாகவே நின்றுவிடும். ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஓடிய ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஒரு பகடை: 1, 2 என்றால் அடுத்த சண்டைக்கு மூன்று அட்டையோடு வரும், 3 முதல் 5 வரை முழுதாக வரும், 6 என்றால் அவமானத்தைத் துடைக்கும் வெறியோடு வந்து அடுத்த சண்டையில் முதல் குலைவை ஏற்காது. எதிரியை ஓடவைத்த பட்டாளத்தின் கொடிக்கம்பத்தில் ஒரு மெல்லிய நூல் கட்டுங்கள். என் கிரனேடியர்களிடம் இப்போது மூன்று நூல் இருக்கிறது. அவர்களை மேசையில் இறக்கினாலே அக்கா மகன் பீரங்கியை அந்தப் பக்கம் திருப்புகிறான்.

ஒப்பந்தத்தையும் எழுத்தில் போடுங்கள். உப்பு வண்டிக்கு இனி வால்மோராவே சுங்கம் வசூலிக்கும், அடுத்த அறுவடை வரை ஐசன்மார்க் படை ஆற்றைக் கடக்காது என்று கையெழுத்திட்டிருக்கிறேன். கோதுமை வயலுக்குப் புதுத் தேங்காய் நார் ஊறிக்கொண்டிருக்கிறது. பாலத்தை அவன் காவல் காப்பான் என்பதால் கொஞ்சம் மேலே தள்ளி ஆற்றைக் கடக்கப் படகுப் பாலம் ஒன்று வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியில் ஏழு படகு முடிந்துவிட்டது, இன்னும் ஐந்து இருக்கிறது.